தீராத எலும்பு

மாமா இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். செத்தவர்களைப் பற்றிக் குறை சொன்னால் பாவம் என்பார்கள். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம் என்றுதான் இப்போதே எழுதிவிடுகிறேன். போன மாதம் திருநின்றவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்திக்குக் காத்திருந்த பிள்ளைகளைச் சுற்றிலும் உட்காரவைத்துக்கொண்டு அவர் அந்த நாய்க்கதையை மறுபடியும் எடுத்தார். என் தம்பியின் வலது கையைப் பிடித்துத் தூக்கி, வளைந்து நிற்கும் சுண்டுவிரலைக் காட்டி, "இத்தோ பாருங்க, உங்க அத்தை புள்ளய பாத்துக்கின லட்சணம்" என்றார். பிள்ளைகள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் பல்லைக் காட்டிச் சிரித்துத் தொலைத்தேன். ஐம்பத்தைந்தைத் தாண்டிய பிறகும் அந்த ஆள் முன்னால் வாய் எழும்பவில்லை என்றால் என்ன ஜென்மம் இது!

என் வயசுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். நாம் நாலு பேர் கூடினால் போதும், சின்ன வயது என்றாலே வாயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்ட மாதிரி பேசுகிறோம். அந்தக் காலத்து வெயில் கூட இதமாக இருந்ததாம். எனக்கு அப்படி எதுவும் இல்லை. எனக்கு இருப்பது ஒரு கோடை விடுமுறை, ஒரு நாய், அது கடித்த ஓர் எலும்பு. எலும்பு என்று சொல்வதும் பேச்சுக்குத்தான். அது எலும்பே இல்லை.

நாங்கள் இருந்தது கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குப் பின்பக்கம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட லைன் வீடு. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் வேறு குடும்பம். இரும்பு உருக்கும் கம்பெனியின் தூசி கொடியில் காயும் துணியில் படிந்து, வெள்ளைச் சட்டையை உதறினால் மூக்கில் கறுப்பாக ஏறும். அப்பா லாரி ஓட்டினார். விஜயவாடா பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா எலும்புக் கம்பெனியில் வேலை செய்தாள். அந்தக் கம்பெனிக்குப் பெரிதாக ஏதோ பெயர் எழுதிய போர்டு உண்டு, ஆனால் எங்கள் லைனில் எல்லாருக்கும் அது எலும்புக் கம்பெனிதான்.

அங்கே மாட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறவைத்து, முடியை எடுத்து, பட்டை பட்டையாக வெட்டுவார்கள். அம்மாவும் மற்ற பெண்களும் அந்த ஈரப் பட்டையைச் சுருட்டி, முறுக்கி, இரண்டு முனையிலும் முடிச்சுப் போடுவார்கள். சூடான அறையில் வைத்துக் காயவிட்டால் கல் மாதிரி இறுகி, பார்ப்பதற்கு எலும்பாகவே ஆகிவிடும். வெளிநாட்டு நாய்கள் பொழுதுபோக்காகக் கடிப்பதற்காக அது கப்பலில் போகும். "அந்த ஊர்ல நாயா பொறந்திருக்கலாம்" என்று அம்மா சொல்வாள். சிரிப்பதற்காகச் சொல்ல மாட்டாள், முடிச்சு இழுத்து இழுத்து வெடித்த விரல்களில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே சொல்வாள். அவள் கையில் எந்த சோப்புக்கும் போகாத ஒரு வாடை இருந்தது. பச்சைத்தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. அந்தக் கையால் பிசைந்து ஊட்டினால் தயிர்சாதத்திலும் அதுதான்.

முடிச்சு கோணலாகப் போன எலும்பு கப்பல் ஏறாது. அதைத் தூக்கி ஓரமாகப் போடுவார்கள். அதில் ஒன்றை அம்மா அவ்வப்போது டிபன் பாக்ஸின் அடியில் வைத்து எடுத்து வருவாள். கேட்டில் ஒவ்வொருவர் பையையும் திறந்து பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஆனால் அங்கே பை திறந்து பார்க்கும் வாட்ச்மேன், அம்மாவின் சொந்த அண்ணன். அதுதான் எங்கள் மாமா. அவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். டிபன் பாக்ஸை மட்டும் பார்க்காத மாதிரி விட்டுவிடுவார். அதனால் அம்மாவுக்கு அவர் முன்னால் தலை நிமிராது. அவர் சொன்னால் சொன்னதுதான்.

நாயைக் கொண்டுவந்து கட்டியதும் மாமாதான். ஆம்பளை இல்லாத வீடு, காவலுக்கு இருக்கட்டும் என்றார். கம்பெனி கேட்டில் பிறந்து வளர்ந்த செம்பட்டை நாய், ஒரு காது கிழிந்தது. அவர் அதற்கு ஒரு பெயரும் வைத்தார். அவர் வைத்த பெயரை நான் எழுதப்போவதில்லை, நாய் என்றே சொல்கிறேன். எனக்கு அதைப் பிடிக்கவில்லை. அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. அது கட்டிலுக்கு அடியில் படுக்கும், நான் கட்டிலின் மேல் படுப்பேன், அவ்வளவுதான் உறவு.

தம்பிக்கு அப்போது நடை சரியாக வரவில்லை. கடைவாய்ப் பல் முளைத்துக்கொண்டிருந்ததால் கண்ணில் பட்டதை எல்லாம் வாயில் போடுவான். செருப்பு, சீப்பு, விளக்குமாற்றுக் குச்சி. பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்று அம்மா கம்பெனிக்குப் புறப்படும்போது என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, "புள்ள உன் பொறுப்பு. அவனுக்கு எதுனா ஆச்சு, உன் தோலை உரிச்சு கம்பெனில குடுத்துடுவேன்" என்றாள். அவள் அதைச் செய்கிறவள் என்றே நான் நம்பினேன்.

ஊர் நாய்க்கு நாம் போடுவது கோழி எலும்பு. கடக்கு முடக்கு என்று கடித்தால் தீர்ந்தது. நாய்க்கும் பிள்ளைக்கும் சண்டை வர அங்கே நேரமே இல்லை. இந்தத் தோல் எலும்போ தீரவே தீராது. காலையில் போட்டால் மறுநாளும் கிடக்கும், அதற்கு மறுநாளும் கிடக்கும். பெட்டி நிறையப் பொம்மையும் தனி இடமும் வைத்திருக்கிற வெளிநாட்டு நாய்க்கு அது விளையாட்டு. எங்கள் நாய்க்கு அது சொத்து. அதை முன்னங்கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, ஊறி வழவழப்பாகிப்போன முனையை நக்கிக்கொண்டே கட்டிலடியில் கிடக்கும். யாராவது பக்கத்தில் போனால் வயிற்றிலிருந்து உறுமும். ஒரே அறையில் பிள்ளையும் நாயும் தீராத எலும்பும். இதில் என்ன ஆகும் என்று பெரியவர்கள் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

எனக்கு அந்த உறுமல்தான் துணை. நான் அரிசியில் கல் பொறுக்குவேன், தண்ணீர் பிடிப்பேன், சட்டியின் அடிக்கரியைத் தேய்த்துக் கழுவுவேன். பிள்ளையையே பார்த்துக்கொண்டு உட்கார முடியுமா? காதை மட்டும் கட்டிலடியில் வைத்திருப்பேன். உறுமல் கேட்டால் ஓடிப்போய்த் தம்பியின் காலைப் பிடித்து இழுத்துவிடுவேன். நாயும் அதோடு விட்டுவிடும். ஒரு நாள் கூட அது அவனைத் தொட்டதில்லை.

இன்னொரு வழியும் கண்டுபிடித்தேன். பழவேற்காட்டிலிருந்து கருவாட்டுக் கூடையோடு வரும் கிழவி, அம்மாவிடம் வியாபாரம் முடிந்ததும் உடைந்த தலைகளை எனக்குச் சும்மா கொடுப்பாள். தம்பி விழித்திருக்கும் நேரத்தில் ஒரு கருவாட்டுத் தலையை வாசலில் போடுவேன். நாய் எலும்பை விட்டுவிட்டு வெளியே ஓடும். நான் கதவைச் சாத்திவிட்டு எலும்பை எடுத்துப் பரணில் வைப்பேன். தம்பி தூங்கிய பிறகு திருப்பிக் கொடுத்துவிடுவேன். சண்டை இல்லை, சத்தம் இல்லை. சில நாள் போனதும் நான் கருவாட்டை எடுத்தாலே நாய் எலும்பைக் கீழே வைத்துவிட்டு வாலை ஆட்டிக்கொண்டு வந்தது.

மாமா அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாடி இது? நாய்க்கு லஞ்சம் குடுக்கறியா?"

"குடுத்தா அதுவே வெச்சுடுது மாமா."

"அடி செருப்பால! கேட்டுல அத்தினி பேரு பையைத் தொறந்து காட்றான். நான் இன்னா ஆளுக்கு ஒரு கருவாடா குடுத்துக்கினு கீறேன்? தொற-ன்னா தொறக்கணும். குடு-ன்னா குடுக்கணும். மூச்சு வரக்கூடாது. மனுசன் ஆனாலும் சரி, நாய் ஆனாலும் சரி."

பாருங்கள், லஞ்சத்தைப் பற்றிப் பேசுவதற்கு வந்த ஆளை! தங்கச்சியின் டிபன் பாக்ஸ் எப்படி வெளியே வருகிறது என்று கேட்க எனக்கு நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் பல் இருந்திருக்காது.

அன்று சாயங்காலமே பாடம் ஆரம்பமானது. ஷிப்டு முடிந்து சங்கு ஊதியதும் மாமா காக்கிச் சட்டையோடு, கையில் கேட்டுப் பிரம்போடு வருவார். நாயை வாசலுக்கு இழுத்து வந்து எலும்பைப் போடுவார். அது கடிக்கத் தொடங்கியதும் லைன் பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் அதன் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். உறுமினால் மூக்கின் மேல் பிரம்பு விழும். பிடுங்கிய எலும்பைத் திருப்பிப் போட்டதும், அடுத்த பிள்ளை பிடுங்கும். லைனில் பெரியவர்கள் எல்லாரும் பக்கெட்டைக் கவிழ்த்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. "நாய்னா இப்புடித்தான் பயக்கணும்" என்று பாராட்டு வேறு. என்னையும் பிடுங்கச் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். பிரம்பு நாயின் மூக்கிலிருந்து என் முழங்காலுக்கு வந்தது. பிடுங்கினேன்.

அம்மா வாசற்படியில் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். "போதும் அண்ணா, அதுக்கு மூக்குல ரத்தம் வருது" என்றாள் ஒரு தடவை.

"ரத்தம் வந்தாதான் புத்தி வரும். உன் புள்ளைங்க நல்லதுக்குத்தான் செய்யறேன். நீ கம்முனு இரு."

அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

அக்னி நட்சத்திரம் முடிவதற்குள் நாய் உறுமுவதை நிறுத்திவிட்டது. யார் பக்கத்தில் போனாலும் சத்தம் கிடையாது. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து லைனுக்கெல்லாம் போய் ஆட்களைக் கூட்டி வந்து காட்டினார். எல்லாரும் அதன் வாயைத்தான் பார்த்தார்கள். அது எலும்பின் மேல் முகத்தை வைத்து, உடம்பைக் கட்டைபோல் ஆக்கிக்கொண்டு, மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டு கிடப்பதை யாரும் பார்க்கவில்லை. வால் கால்களுக்கு இடையில் போயிருந்தது. அடக்கம் என்றார்கள் அதை. இத்தனை வருடம் கழித்து இப்போது நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அந்த நாய் எலும்பை விட்டுக்கொடுக்கவே இல்லை. கிட்டே வராதே என்று சொல்வதற்கு அதற்கு இருந்த ஒரே வழியை அடித்து மூடிவிட்டார்கள்.

அந்த மத்தியானம் நான் அரிசி பார்த்துக்கொண்டிருந்தேன். முறம் என் மடியில் இருந்தது. தம்பி தூளியிலிருந்து இறக்கிவிட்ட இடத்தில் சொப்பை உருட்டிக்கொண்டிருந்தான். என் காது வழக்கம்போல் கட்டிலடியில்தான் இருந்தது. ஒரு சத்தமும் இல்லை. அடுத்து நான் கேட்டது தம்பியின் அலறல். திரும்பினால் அவன் கை நாயின் வாயில் இருந்தது. முறத்தை வீசினேன். நாய் விட்டுவிட்டுச் சுவரோரம் போய் ஒடுங்கியது. எலும்பு கட்டிலுக்கு வெளியே உருண்டு கிடந்தது. அரிசியெல்லாம் தரையில் சிதறி, அதன் மேல் தம்பியின் ரத்தம்.

பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் போய்ச் சொல்லி, அம்மாவும் மாமாவும் கம்பெனியிலிருந்து ஓடி வந்தார்கள். பொன்னேரிக்குப் பஸ் ஏறினோம். தம்பியின் கையில் சுற்றிய புடவைத் துண்டு நனைந்து அம்மாவின் மடியில் சொட்டியது.

"நாய் உறுமனது உன் காதுல வுழலியாடி?" என்றாள் அம்மா.

"அது உறுமவே இல்லம்மா."

பளார் என்று விழுந்தது. பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"உறுமாம எந்த நாயாவது கடிக்குமா? பொய் சொல்றா பாரு பொய்!" என்றார் மாமா. "எங்கனா பராக்கு பாத்துக்கினு இருந்திருப்பா. நீ புள்ளய இவகிட்ட வுட்டே பாரு, உன்னைச் சொல்லணும். திரும்பிப் போனதும் அந்த நாயை அடிச்சே கொல்றேன்."

நான் அழவில்லை. அழுதால் பொய் சொன்னதாகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கையை சோப்புப் போட்டுக் குழாயடியில் கழுவு கழுவு என்று கழுவினார். தம்பி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனான். கழுவிக்கொண்டே அவர் கேட்டார். "நாய் எப்படிக் கடிச்சுது? உறுமிட்டுக் கடிச்சுதா, இல்ல சத்தமே இல்லாம வந்து கடிச்சுதா?"

"சத்தமே இல்ல" என்றேன் நான். மாமா முறைத்தார்.

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "அப்படின்னா பயமா இருக்கே. சும்மா சும்மா கடிக்கிற நாய்க்கு வெறி இருக்கலாம். எங்கேயிருந்து வந்த நாய்?"

வெறிநாய் என்றதும் மாமா முன்னால் வந்தார். கம்பெனி கேட்டு நாய், கொண்டுவந்து கட்டியவர் அவர். நாளைக்கு ஏதாவது ஆனால் எல்லாரும் அவரைத்தான் கேட்பார்கள். அவசர அவசரமாகக் கையை ஆட்டினார்.

"அய்யய்யே, வெறியெல்லாம் இல்லீங்கம்மா. நல்ல நாய்ங்க. அது உறுமாது, அவ்ளோதான். நான்தான் பயக்கி வெச்சுக்கீறேன். உறுமனா மூக்கு மேலயே குடுப்பேன். இப்போ யார் போனாலும் வாயே தொறக்காதுங்க." சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

டாக்டரம்மா குழாயை மூடினார். "கிட்ட வராதேன்னு சொன்னதுக்கா அடிச்சீங்க? இனிமே சொல்லாமத்தானே கடிக்கும்?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கன்னத்தைப் பார்த்தாள். அவள் விரல் பதிந்த இடம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அவள் கேட்கிற ரகம் இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

டாக்டரம்மா தம்பிக்கு ஊசி போட ஆரம்பித்தார். வயிற்றில் போடுகிற ஊசி. தொடர்ந்து வர வேண்டும் என்றார். பிறகு மாமாவைப் பார்த்து விரலை நீட்டினார். "நாயைத் தொடாதீங்க. கட்டிப் போட்டுச் சோறு வெச்சுப் பாருங்க. நல்லா இருந்துச்சுன்னா பையனுக்குப் பயம் இல்ல. சாப்பிடாம சுருண்டு படுத்தா, இல்ல செத்துப்போச்சுன்னா, உடனே ஓடி வாங்க."

அதுவரை நாய் செத்தால் நிம்மதி என்று இருந்தேன். இப்போது அது செத்தால் தம்பி போய்விடுவான். அடிபம்புக்குப் பக்கத்துத் தூணில் அதைக் கட்டினார்கள். அம்மா சோறு வைத்தாள், அது தொடவில்லை. கருவாட்டுக் குழம்பு ஊற்றிப் பிசைந்து வைத்தாள், முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. லைனில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். "சோறு எறங்கல, அதான், அதேதான்" என்று ஒருத்தி எங்கள் வாசலிலேயே நின்று சொன்னாள். அவளை அம்மா துடைப்பத்தை எடுத்துத் துரத்தினாள். காலையில் கண் விழித்ததும் நான் முதலில் ஓடுவது தூணுக்குத்தான். விலா ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். பிடிக்காத நாய் உயிரோடு இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்வது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? உள்ளே தம்பி, ஊசி போட்ட வயிற்றைத் தொட விடாமல் சிணுங்கிக்கொண்டே கிடந்தான்.

ஒரு சாயங்காலம் அம்மா டிபன் பாக்ஸைத் திறந்து எலும்பை எடுத்தாள். எனக்கு ஆத்திரம் வந்தது. "மறுபடியும் எலும்பா? இதுனாலதானே எல்லாம்?" என்று கத்தினேன். "நீ உள்ள போ" என்று என்னையும் தம்பியையும் அறைக்குள் தள்ளி, கதவின் கீழ்ப்பாதியை மட்டும் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். பிறகு எலும்பைக் கையில் கொடுக்காமல், கயிறு எட்டுகிற தூரத்தில் தரையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றாள். நாய் தலையைத் தூக்கியது. எழுந்தது. நெடுநேரம் அவளையே பார்த்தது. பிறகு எலும்பைக் கவ்விக்கொண்டு போய்த் தூணோரம் படுத்து, கடைவாயில் வைத்துக் கடித்தது. கறக் கறக் என்று சத்தம் கேட்டது. அம்மா நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாமா வந்தார். பிரம்பு கையில் இருந்தது. நேராகத் தூணுக்குப் பக்கத்தில் போனார். நாய் கடிப்பதை நிறுத்தியது. அதன் முதுகு விறைத்தது. மூச்சு நின்ற மாதிரி இருந்தது. பிறகு வயிற்றிலிருந்து, ரொம்ப மெதுவாக, அந்தச் சத்தம் வந்தது. அது உறுமியது.

"பார்றா, இன்னும் கொயுப்பு அடங்கல!" மாமா பிரம்பை ஓங்கினார்.

அம்மா ஓடிப்போய் அதைப் பாதியில் பிடித்தாள். முடிச்சுப் போட்டுப் போட்டு இறுகிய கை. மாமா இழுத்தும் வரவில்லை.

"கம்பை வுடு."

"இன்னா? யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? நாளைக்கு நீ கேட்டுக்குள்ள கால் வெக்கணும்."

"வெக்காட்டி போறேன். வேற வேல பாத்துக்கறேன்." அவள் வாயில் 'அண்ணா' வரவில்லை. "அது கத்திக்கினு இருந்த வரைக்கும் என் புள்ள கை நல்லா இருந்துச்சு. இது உன் கேட்டு இல்ல, என் ஊடு. இங்க அது உறுமட்டும்."

மாமா சுற்றிலும் பார்த்தார். லைனில் எல்லாரும் அவரவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவரும் அவருக்குப் பரிந்து வரவில்லை. அவர் பிரம்பை அவள் கையிலேயே விட்டுவிட்டு நடந்தார். நாய் அவர் முதுகைப் பார்த்து உறுமிக்கொண்டே இருந்தது. அம்மா அங்கேயே நின்று, அது ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.